புட்டியும் பத்திரிகையும்: தொடக்ககால மருந்து நிறுவன எச்சங்களின்வழிக் காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலுவின் வாழ்வு

முன்னுரை

சென்னை மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள பூங்காவொன்று நாகேசுவரராவ் பெயரால் வழங்குகிறது. அங்கு நாள்தோறும் நடைபயில்வோருள் பலர் அப்பெயருக்கு உரியவரை அறியார். அறிந்தோரும் இரு கூறாக நிற்பர். தெலுங்கு நாட்டு வரலாறு எழுதியோர்க்கு அவர் தேசோத்தாரகர். ஆந்திர பத்திரிகையை நிறுவியவர். வணிக வரலாறு எழுதியோர்க்கு அவர் அமிர்தாஞ்சனம் என்னும் வலித்தைலத்தை உருவாக்கியவர். முதற்சாரார் தைலத்தை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். இரண்டாம் சாரார் பத்திரிகையை ஓர் அணிகலன்போலச் சேர்த்துக்கொள்கின்றனர். தம் வாழ்வின் பிற்பகுதியைச் சென்னையிலேயே கழித்து, தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் நெடுங்காலம் இடம்பெற்ற ஒரு பொருளைத் தந்த இவரைத் தமிழாய்வு தனியே எடுத்து நோக்கியது குறைவு.

தொடக்ககால மருந்து நிறுவனங்களின் புட்டிகள், தகரப்பெட்டிகள், எனாமல் பலகைகள், நாட்காட்டிகள், விலைப்பட்டியல்கள் ஆகியவற்றைத் திரட்டுவோர் இன்று தமிழகத்தில் பெருகியுள்ளனர். காரைக்குடியின் பழம்பொருட் கடைகளிலும், புதுச்சேரியைச் சுற்றிய சாலையோரக் கடைகளிலும் இவற்றுக்குத் தனி விலை உண்டு. இப்பொருள்களை வாழ்க்கை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள இயலுமா, கொள்ளின் எவ்வளவு கொள்ளலாம் என்னும் வினாவை முன்வைத்து, நாகேசுவரராவ் பந்துலுவின் வாழ்வை இக்கட்டுரை சொல்ல முற்படுகிறது.

பிறப்பும் பம்பாய் வாழ்வும்

காசிநாதுனி நாகேசுவரராவ் 1867ஆம் ஆண்டு மே முதல் நாளன்று கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று 1891இல் பட்டம் பெற்றார். கந்துகூரி வீரேசலிங்கத்தின் சீர்திருத்த எழுத்துகள் அவரது இளமை உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பட்டம் பெற்ற அந்தண இளைஞர் அரசு வேலையையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடுவது அக்காலத்து இயல்பு. அவர் வணிகத்தை நாடினார். கல்கத்தாவிற்குச் சென்று மருந்துத் தொழிலைக் கற்றார். பின்னர்ப் பம்பாய் சென்று வில்லியம் அண்டு கம்பெனி என்னும் நிறுவனத்தில் பணியமர்ந்தார். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தோன்றியது.

அக்காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்கத்தாவில் எஸ். கே. பர்மன் 1884இல் தொடங்கிய டாபர் வளர்ந்துகொண்டிருந்தது. வேதியியற் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் பின்னர் வங்காள வேதிப்பொருள் நிறுவனமாக விரிந்த முயற்சியைத் தம் வீட்டிலேயே தொடங்கியிருந்தார். சென்னையில் ஐரோப்பியர் மருந்துக்கடைகள் மவுண்ட் ரோட்டில் மாளிகைகளாக எழுந்தன; டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனத்திற்காக 1897இல் கட்டப்பெற்ற செங்கற் கட்டடம் பின்னாளில் பாரத் இன்சூரன்சு கட்டடம் எனப் பெயர் பெற்றது. சீமை மருந்து கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. நாட்டு மருந்து வைத்தியர் கைப்பெட்டிக்குள் இருந்தது. இவ்விரண்டிற்கும் இடையே, எழுத்தொட்டிய சிறு புட்டியில் நாட்டு மருந்தைக் கடைத்தெருவிற்குக் கொணர்ந்தோருள் நாகேசுவரராவ் முன்வரிசையினர்.

அவர் கையாண்ட விற்பனை முறை பலராலும் கூறப்படுவது. இசைக் கச்சேரி முதலிய கூட்டங்களில் தைலத்தை விலையின்றி வழங்கினார். இது கொடையன்று, கணக்கு. வலித்தைலம் என்பது பூசிய சில நொடியில் தன் இருப்பை உணர்த்தும் பொருள். கற்பூரமும் புதினா உப்பும் தோலில் எழுப்பும் குளிர்ச்சியும் வெம்மையும், நூறு துண்டு விளம்பரங்கள் செய்யாததை ஒரு விரல்நுனியளவில் செய்துவிடும். நெடுநேரம் அமர்ந்து கேட்கும் கூட்டத்தில் கழுத்தும் நெற்றியும் நோவாதவர் யார்?

பெயரும் பொருளும்

அமிர்தம், அஞ்சனம் என்னும் இரு சொற்களின் புணர்ச்சி இப்பெயர். தமிழ் வழக்கில் அஞ்சனம் என்றவுடன் கண்மை நினைவுக்கு வரும். கருமை நினைவுக்கு வரும். புதையல் காண்போர் கையிலிடும் மைக்கும் அப்பெயருண்டு. இத்தைலமோ மஞ்சள் நிறத்தது. கண்ணருகே சென்றால் நீர் பெருகச் செய்வது. எனவே தமிழ்க் காதிற்கு இப்பெயர் முதலில் ஒரு முரணாக ஒலித்திருத்தல் கூடும். வடமொழியில் அச்சொல்லின் வேர் பூசுதல் என்னும் பொருளது. பெயரிட்டவர் அப்பொருளையே கருதினார் எனக் கொள்வது பொருந்தும். இன்று அம்முரண் எவர்க்கும் தோன்றுவதில்லை. வணிகப்பெயர் சொற்பொருளை விழுங்கிவிட்டது. எந்த நிறுவனத்துத் தைலமாயினும் அமிர்தாஞ்சன் என்றே கேட்டு வாங்கும் முதியோரை இரும்பை வட்டாரத்தில் இன்றும் காணலாம்.

இரும்பை கடுவெளிச் சித்தரோடு இணைத்துப் பேசப்படும் ஊர். சித்த மருத்துவ ஏடுகளில் மருந்தின் செய்முறை பாட்டாகச் சொல்லப்படும். ஆனால் உரியவர்க்கன்றிப் பிறர்க்கு விளங்காதவாறு மறைபொருட் சொற்களாற் பொதியப்படும். புட்டி மருந்து இம்முறையைத் தலைகீழாக்கியது. பயனை உரக்கச் சொல்லிற்று. செய்முறையை முற்றிலும் மறைத்தது. ஆசிரியர் மாணவர் உறவின் இடத்தில் வணிகக்குறி வந்து நின்றது. இம்மாற்றத்தை மருத்துவ வரலாற்றின் வீழ்ச்சியாக மட்டும் எழுதுவோர் உளர். அது முழுமையன்று என்பது கட்டுரையாளர் கருத்து. வைத்தியரை அணுக இயலாத சாதியினரும் பெண்டிரும், எவரிடமும் தம் நோயைச் சொல்லாமலே சில அணாக்களுக்கு ஒரு தீர்வை வாங்க முடிந்தது அப்போதுதான்.

பம்பாயிலிருந்து தம்புச்செட்டித் தெரு

தைலத்தின் வருவாயைக் கொண்டு 1908இல் பம்பாயிலேயே ஆந்திர பத்திரிகையை வார இதழாகத் தொடங்கினார். தெலுங்கர் சிறுபான்மையராக வாழ்ந்த நகரில் தெலுங்கு இதழ் நடத்துவது வணிக அறிவுக்கு ஒவ்வாதது. அவர் அதனைச் செய்தார். ஆண்டுதோறும் வெளிவந்த உகாதிச் சிறப்பு மலர்கள் தெலுங்கு அறிஞர் பலரின் ஆய்வுரைகளைத் தாங்கின. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பத்திரிகை சென்னையில் நாளிதழாயிற்று. தைல நிறுவனமும் சென்னைக்கு வந்தது. நான்கு திங்களில் உலகப்போர் மூண்டது. போர்ச்செய்திகளுக்கான வேட்கை நாளிதழைக் காலூன்றச் செய்தது.

சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் பத்திரிகையும் தைலமும் ஒன்றாக இயங்கின. இதனை வெறும் இடவசதியாகக் கருதலாகாது. விளம்பர வருவாயும் அரசின் நன்மதிப்பும் இல்லையேல் மூச்சடங்கும் நிலையில் அன்றைய நாட்டுமொழி இதழ்கள் இருந்தன. பத்திரிகைச் சட்டங்களின்கீழ்க் கேட்கப்பட்ட பிணைத்தொகைகளாற் பல இதழ்கள் மாண்டன. ஆந்திர பத்திரிகையின் பின்னே ஒரு புட்டி நின்றது. விடுதலை இயக்கக் காலத் தென்னிந்திய இதழியலின் பொருளியல் அடித்தளத்தை ஆராய்வோர்க்கு இது புறக்கணிக்க இயலாத செய்தி. மருந்து விற்பனையும் இதழும் கைகோத்த பிற சான்றுகளும் சென்னையில் உண்டு. கேசரி குடீரம் நிறுவிய டாக்டர் கே. என். கேசரி கிருகலட்சுமி என்னும் தெலுங்குப் பெண்கள் இதழை நடத்தினார். ஆனால் நாகேசுவரராவ் அளவிற்கு மருந்தின் ஈட்டத்தை எழுத்திற்குச் செலவிட்டவரைக் காட்டுதல் அரிது. 1924இல் பாரதி என்னும் இலக்கியத் திங்களிதழ், 1926இல் ஆந்திர கிரந்தமாலை என்னும் நூல் வெளியீட்டு வரிசை, கொமர்ராஜு லட்சுமணராவ் தொடங்கி 1923இல் அவர் மறைவால் நின்றுபோன ஆந்திர விஞ்ஞான சர்வசுவம் என்னும் கலைக்களஞ்சியத்தின் மறுமுயற்சி, நூலக இயக்கத்திற்கான உதவிகள் என அது விரிந்தது.

புட்டியின் காலத்தைக் கணித்தல்

இவ்வாழ்விற்குப் புட்டிகள் எவ்வாறு சான்றாகும்? பழம்பொருட் கடைகளில் நாகேசுவரராவ் காலத்தவை எனக் கூறி விற்கப்படுபவற்றை ஆராயுங்கால், சொல்லப்படும் பழமை பெரும்பாலும் நிலைபெறுவதில்லை. காலக்கணிப்பிற்குப் பின்வரும் அகச்சான்றுகள் உதவுகின்றன.

விலை முதலிற் பார்க்கத்தக்கது. அணாவில் விலை குறித்தவை 1957 ஏப்ரலுக்கு முற்பட்டவையாகவோ அதனையொட்டியவையாகவோ இருத்தல் வேண்டும். நயா பைசா என்னும் குறிப்பு வரின் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட ஏழாண்டுக் குறுகிய காலத்தது. இவ்வளவு துல்லியமான சான்று வேறில்லை. நிறுவனப் பெயருடன் லிமிடெட் என்னும் சொல் அமைந்திருப்பின் அது 1936க்குப் பிற்பட்டது. அவ்வாண்டில்தான் அமிர்தாஞ்சனம் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. அஃதாவது, அச்சொல் தாங்கிய புட்டி நாகேசுவரராவின் இறுதி ஈராண்டிற்கோ அவர் மறைவிற்குப் பிந்திய காலத்திற்கோ உரியது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டிற்கு முன் இல்லை. ஆயுர்வேத, சித்த மருந்துகள் 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே மருந்துச் சட்டத்தினுள் வந்தமையால், அவற்றின் உரிம எண் அதற்கு முற்பட்ட சீட்டில் இடம்பெறாது.

தமிழாய்வாளர்க்கு மட்டுமே எளிதிற் புலப்படும் சான்றொன்றும் உண்டு. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் லை, ணை, னை முதலியன மேற்சுழியுடைய பழைய வடிவில் அச்சிடப்பட்டன. றா, னா, ணா ஆகியவற்றிற்கும் தனி வடிவங்கள் இருந்தன. தலைவலி மருந்தின் சீட்டில் லகர ஐகாரம் வாராதிருத்தல் இயலாது. பழைய வடிவம் இருப்பதாலேயே பொருள் 1978க்கு முற்பட்டது எனத் துணிய முடியாது. அச்சகங்கள் பழைய அச்சுக்களைப் பின்னரும் ஆண்டன. புதிய வடிவம் இருப்பின் மட்டும் ஐயமின்றித் தள்ளிவிடலாம். நூறாண்டுப் பழமையுடையது எனப் பெருவிலை சொல்லப்பட்ட தகரப்பெட்டியொன்றைக் கட்டுரையாளர் கண்டதுண்டு. அதன் மூடியில் இருந்த ஓர் ஐகாரமே அவ்விலையைத் தகர்க்கப் போதுமானதாயிற்று.

கண்ணாடியும் பேசும். அச்சிலிட்டு ஊதிய புட்டியின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய பொருத்துக்கோடு ஓடும். அது வாய்விளிம்பின் கீழே மறைந்தால் விளிம்பு கையால் முடிக்கப்பட்டது. விளிம்பு வரை ஏறினால் இயந்திர வார்ப்பு. அமெரிக்காவில் ஓவன்சின் தானியங்கிப் புட்டி இயந்திரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது என்பதால் கையால் முடித்தவற்றை அதற்கு முற்பட்டவை என மேலைநாட்டுக் கையேடுகள் கூறும். அவ்விதியை இங்கு அப்படியே பொருத்துதல் பிழை. இந்தியக் கண்ணாடிப் பட்டறைகளில் கைத்தொழில் பல பத்தாண்டுகள் பின்னரும் நீடித்தது.

பம்பாய் முகவரி இருந்தால் 1914க்கு முற்பட்டது என்பது திரட்டுவோரிடையே வழங்கும் மற்றொரு நம்பிக்கை. சென்னைக்கு இடம்பெயர்ந்த நிறுவனங்கள் தம் பழைய நகரின் விற்பனைக் கிளையைத் தொடர்வது வழக்கமாதலின், முகவரி ஒன்றைக்கொண்டே முடிவு காண்பது பொருந்தாது.

இவ்வாறு சலித்தெடுத்தால் 1893 முதல் 1938 வரையிலான காலத்திற்கு உறுதியாக உரியவை மிகச்சிலவே எஞ்சும். காரணம் வெளிப்படை. சிறு கண்ணாடிப் புட்டி ஏழை வீட்டில் ஒரு செல்வம். தைலம் தீர்ந்ததும் அது சுண்ணாம்புக் கலயமாகும், குங்குமச் சிமிழாகும், மூடியில் துளையிட்டுத் திரி செருகினால் மண்ணெண்ணெய் விளக்காகும். மரக்காணம் உப்பளங்களைச் சார்ந்த குடிசைகளில் இவ்வாறு எரிந்து தீர்ந்தவை எத்தனையோ. பயன்பட்டதனாலேயே அழிந்த பொருள் இது. அருங்காட்சியகப் பேழையில் முழுமையாகக் கிடைக்கும் புட்டி, பெரும்பாலும் எவரும் பயன்படுத்தாது கிடங்கிற் கிடந்த புட்டி என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். வாங்கியவர் வாழ்வைப் பற்றி அது சொல்வது குறைவு.

ஆகவே விளம்பரங்களே வலுவான சான்று. இதழின் தேதி விளம்பரத்தின் தேதி. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய இதழ்களும் துண்டுப்பிரசுரங்களும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருப்பதால் இவ்வாய்வு இயலுவதாகிறது. நூல்களைக் கட்டடம் செய்வோர் விளம்பரத் தாள்களைக் கிழித்தெறிந்து உள்ளடக்கத்தை மட்டும் காத்தமை பல நூலகங்களில் நேர்ந்த இழப்பு. அங்ஙனம் காக்கப்பட்ட தொகுதியில் அவ்விதழ் எதனால் உயிர் வாழ்ந்தது என்னும் செய்தி இல்லை.

வெல்கம்மின் கிடங்கு

மருந்து நிறுவனத்தார் ஒருவரே மருத்துவப் பழம்பொருள்களைத் திரட்டியமைக்கு உலகளாவிய சான்று ஹென்றி வெல்கம். அமெரிக்காவில் 1853இல் பிறந்து, 1880இல் சைலசு பரோசுடன் இலண்டனில் நிறுவனம் தொடங்கி, 1884இல் டேப்ளாய்டு என்னும் வணிகக்குறியைப் பதிவுசெய்தவர். அச்சொல் பின்னர்ச் சிறுவடிவச் செய்தித்தாளுக்குப் பெயரானமை, மருந்தும் பத்திரிகையும் ஒன்றையொன்று தொடும் மற்றோர் இடம். 1913இல் இலண்டனில் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவர்தம் முகவராகப் பைரா மல் என்னும் மருத்துவர் இந்தியாவில் 1911 முதல் பத்தாண்டுகள் சுற்றி ஏடுகளையும் பொருள்களையும் திரட்டி அனுப்பினார். தமிழ்ச் சுவடிகளும் அத்திரட்டில் உள்ளன. 1936இல் வெல்கம் இறந்தபோது பொருள்கள் பத்து இலட்சத்தைக் கடந்திருந்தன. பெட்டிகள் பல பிரிக்கப்படாமலே கிடந்தன. அவற்றைப் பகுத்தளிக்கப் பிறருக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், ஒரே தொழிலினர். ஒருவர் தம் ஈட்டத்தைப் பொருள்களாக மாற்றிக் குவித்தார். மற்றவர் தாளாக மாற்றி நாள்தோறும் வெளியே அனுப்பினார். வெல்கம்மின் வாழ்வை எழுதப் பொருள்களே போதும். நாகேசுவரராவின் வாழ்வை எழுதப் புகுவோர் அவ்வழியை நாடின் ஏமாற்றமே எய்துவர்.

உப்பும் சிறையும்

சிறுபாணாற்றுப்படை காட்டும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காண்போர் உளர். அந்நெய்தற் கரையில் உப்பு விளைவது பழமை. விளைந்த உப்பைத் தடையின்றி எடுக்கும் உரிமை மறுக்கப்பட்டது புதுமை. சென்னை மாகாணத்தில் உப்பின்மீது கும்பினியின் தனியுரிமை 1805இல் ஏற்பட்டது. 1930 ஏப்ரலில் காந்தியடிகள் தண்டியில் சட்டத்தை மீற, இராசாசி திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தார். சென்னை நகரில் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தியவர் தங்குதூரி பிரகாசமும் நாகேசுவரராவும். அப்போது நாகேசுவரராவுக்கு வயது 62. ஆந்திர மாகாணக் காங்கிரசின் தலைமையிலும் அவர் இருந்தார். சிறை சென்றார், சிறையில் பகவத்கீதைக்கு உரை எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் வணிக வரலாற்றார் காணத் தவறும் ஒன்றுண்டு. உரிமம், வரி, அஞ்சல், இருப்புப்பாதை என யாவற்றிற்கும் அரசைச் சார்ந்திருக்கும் தொழிலதிபர் அவர். அவர் இழக்கத்தக்கது ஒரு தொண்டர் இழக்கத்தக்கதினும் மிகுதி. சுதேசிப் பொருளை விற்றுப் பெருவருவாய் ஈட்டியோர் பலர் கூட்டங்களுக்கு நன்கொடை அளித்ததோடு நின்றனர். கடற்கரையில் உப்பு எடுக்க வந்து நின்ற மருந்து முதலாளிகள் மிகச்சிலர்.

இறுதி ஆண்டுகள்

1935இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாபிரபூர்ண என்னும் சிறப்புப் பட்டம் அளித்தது. விசுவதாதா என்னும் பட்டப்பெயரும் வழங்கிற்று. மறுஆண்டு நிறுவனம் லிமிடெட் ஆயிற்று. தனி மனிதர் ஒருவரின் கைப்பையாக இருந்த வருவாய் இனிப் பங்குதாரர்க்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. இம்மாற்றத்தைத் தம் வாழ்நாளிலேயே அவர் செய்துவைத்தமை கருதத்தக்கது.

1937 நவம்பர் 16ஆம் நாள் கடலோர ஆந்திரத் தலைவர்களும் இராயலசீமைத் தலைவர்களும் சென்னையிலுள்ள அவரது இல்லமாகிய ஸ்ரீபாகில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். தனி மாகாணம் அமையின் பல்கலைக்கழகம், பாசனம், தலைநகர் ஆகியவற்றில் இராயலசீமைக்கு உரிய பங்கு யாது என்பதே அதன் பொருள். ஸ்ரீபாக் ஒப்பந்தம் என அது வரலாற்றில் நின்றது. ஆந்திர மாநிலப் பிரிவினையின் அடிக்கல் மயிலாப்பூரில், தைல வருவாயால் வாழ்ந்த ஒரு வீட்டில் இடப்பட்டது.

ஐந்து திங்கள் கழிந்து, 1938 ஏப்ரல் 11ஆம் நாள் நாகேசுவரராவ் மறைந்தார். பத்திரிகைப் பொறுப்பும் நிறுவனப் பொறுப்பும் மருமகன் சிவலெங்க சம்புபிரசாதிடம் சென்றன. புட்டி விற்பனை நிற்கவில்லை. பழம்பொருட் கடைகளில் இன்று அவர் காலத்தவை என விலைபோகும் அணா விலைப் புட்டிகளுள் பல, அவர் மறைந்த பின்னர் வந்த அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் நிரப்பப்பட்டவையே.